புள்ளைங்க தோட்டத்துல செய்யற வேலையை எழுதி வைக்கிறது: நோட்டா, சம்பளமா, பங்கா?

எங்க வீட்ல நிலம் பிரிக்கிற பேச்சு வந்தப்பதான் எனக்கு இந்த விஷயமே உறைச்சுது. அண்ணன் சொல்றாரு, நான் பன்னெண்டு வயசுலேர்ந்து விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பால் கறந்தேன், நீ படிச்ச, இப்ப சரிபாதின்னா அது என்ன நியாயம்னு. எனக்கு என்னவோ அவர் பதினஞ்சு வயசுக்கு மேலதான் கறக்க ஆரம்பிச்ச மாதிரி ஞாபகம். அக்கா நடுவுல பூந்து, ரெண்டு பேரும் சும்மா இருங்க, கோழிக்கூண்டு மொத்தமும் நான்தான் பாத்தேன், அத யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்களாடான்னாங்க. அப்பா வாயே தொறக்கல. யாரு என்னிக்கு என்ன செஞ்சாங்கன்னு மொத்தமா தெரிஞ்ச ஒரே ஆள் அம்மா, அவங்க இப்ப இல்ல.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாத்தா என் புள்ளைங்களும் அதே கதைலதான் இருக்காங்க. பெரியவளுக்கு 16, சின்னவனுக்கு 11. அவ ஆடு பாத்துக்கறா, அவன் கன்னுக்குட்டிக்குப் பால் காட்றான், முட்டை பொறுக்கறான், லீவு நாள்ல களை எடுக்கறான். எங்கயும் ஒரு எழுத்து கிடையாது. சரி, இவங்க வேலையை எழுதி வைக்கலாம்னு முடிவு பண்ணா, எப்படின்னுதான் குழப்பம். நோட்டுல எழுதினா போதுமா, சம்பளம் போட்டு பேங்க்ல கட்டணுமா, ஆட்டையே அவ பேர்ல விட்டுடணுமா, இல்ல நாளைக்கு பங்கு தரேன்னு எழுதிக் குடுக்கணுமா. ஒரு வருஷமா இதப் பத்தி படிச்சும் செஞ்சும் பாத்தேன், அதுல புரிஞ்சதச் சொல்றேன். நான் வக்கீல் இல்ல, ஆடிட்டர் இல்ல, அத மனசுல வச்சுட்டு படிங்க.

முதல்ல எனக்கே லேட்டா புரிஞ்ச ஒண்ண சொல்லிடறேன். எந்த முறை நல்லதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரை நாளைக்கு யாரு படிக்கப் போறாங்கன்னு கேக்கணும். டாக்ஸ் ஆபீஸர் படிப்பாரா, லேபர் இன்ஸ்பெக்டர் படிப்பாரா, இன்ஷூரன்ஸ்காரர் படிப்பாரா, இல்ல உங்க புள்ளைங்களே முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தர ஒருத்தர் மொறச்சுகிட்டு படிப்பாங்களா. ஒருத்தருக்கு நல்லதா தெரியற பேப்பர் இன்னொருத்தர் கைல உங்களுக்கே ஆப்பு வைக்கும். இது சும்மா பயமுறுத்தறதுக்கு சொல்லல, சம்பளம் பத்தி சொல்ற எடத்துல பாப்பீங்க.

ஒண்ணுமே எழுதாம விடறதும் ஒரு ஆப்ஷன்தான், பெரும்பாலான வீடுங்கள்ல அதுதான் நடக்குது. நம்ம புள்ள நம்ம தோட்டத்துல செய்யறதுக்கு என்னய்யா கணக்குன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வில ஒரு நியாயம் இருக்கு, எல்லாத்தையும் மணிக்கணக்குல பாத்தா வீடு வீடா இருக்காது. ஆனா எழுதாததோட விலை உடனே தெரியாது, சொத்து பிரிக்கறப்போ இல்லாட்டி ஒரு விபத்து நடக்கறப்போதான் தெரியும், அந்த ரெண்டு நேரத்துலயும் யாருக்கும் ஞாபகம் ஒழுங்கா வேலை செய்யாது.

நோட்டுக்கு வரேன். இதத்தான் நான் முதல்ல ஆரம்பிச்சேன், இப்பவும் ஓடுது. எக்ஸெல் ஷீட்ல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல விட்டுட்டேன், ஏன்னா கொட்டகைலேர்ந்து வந்து லேப்டாப் தொறக்க யாருக்கும் மனசு வராது. அப்புறம் ஒரு சாதா கோடு போட்ட நோட்டு, கொட்டகை கதவுல ஆணி அடிச்சு மாட்டினேன், கூடவே கயித்துல ஒரு பேனா. தேதி, எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும், என்ன வேலை, கூட பெரியவங்க யாரு இருந்தாங்க, ஸ்கூல் நாளா லீவு நாளா, அவ்வளவுதான். எழுதறது அவங்களேதான், நான் எழுதினா அது என் கணக்கு, அவங்க எழுதினாதான் அவங்க கணக்கு. சின்னவன் எழுதினது ஒண்ணு அப்படியே தரேன்: “சனி. 8.30 to 10.15. பால் பாட்டில் கழுவினேன். கொட்டகை கூட்டினேன். அப்பா இருந்தார். விரல்ல முள்ளு.” அதுக்கு அடுத்த நாள்: “மழை. ஒண்ணும் பண்ணல. தவளை பாத்தேன்.”

அந்தத் தவளை வரிய அடிச்சுடலாமான்னு நெனச்சேன், அப்புறம் விட்டுட்டேன். ஏன்னா ஒரே பேனால ஒரே கையெழுத்துல 365 நாளும் ரெண்டு மணி நேரம் ரெண்டு மணி நேரம்னு எழுதியிருந்தா எவன் பாத்தாலும் ஒரே நாள்ல உக்காந்து எழுதினதுன்னு சொல்லிடுவான். முள்ளும் மழையும் தவளையும் இருக்கற நோட்டுதான் அன்னன்னிக்கு எழுதினதுன்னு தெரியும்.

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை ராத்திரி அந்த வாரப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்ல போட்டுடறேன். அதுல தேதி தானா விழுந்துடும், நோட்டு நனைஞ்சாலும் ஒரு காப்பி இருக்கும், அதவிட முக்கியம் என்னன்னா அக்கா தம்பி ரெண்டு பேரும் ஒருத்தர் பக்கத்தை ஒருத்தர் அந்த வாரமே பாக்கறாங்க. பொய் இருந்தா அப்பவே சண்டை வந்துடும். ஒரு தடவை வந்துச்சு, அவ முக்கா மணி நேரம் செஞ்சத ரெண்டு மணி நேரம்னு போட்டிருந்தா, இவன் குரூப்லயே கேட்டுட்டான், தாத்தா வேற பாத்துட்டாரு. அந்தச் சண்டை இப்ப வர்றது நல்லதுன்னு நான் நெனக்கறேன், எங்களுக்கு வந்தது நாப்பது வயசுக்கு மேல.

நோட்டால வேற ஒரு லாபம் நான் எதிர்பாக்கல. மணி நேரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது. ஐஎல்ஓ, அதான் உலகத் தொழிலாளர் அமைப்பு, அவங்க குழந்தைத் தொழிலாளர் கணக்கு எடுக்கறப்போ 12லேர்ந்து 14 வயசுக்கு வாரத்துக்கு 14 மணி நேரத்தை கோடா வச்சிருக்காங்க, அதத் தொட்டாலே லேசான வேலைங்கற கணக்குலேர்ந்து வெளிய போயிடும். 5லேர்ந்து 11 வயசுக்கு வாரத்துல ஒரு மணி நேரமே போதும் அந்தக் கணக்குல சேக்க. குடும்பத் தோட்டம்ங்கறதுக்காக விட்றதில்ல. ஐஎல்ஓவும் யுனிசெஃபும் சேந்து விட்ட 2024 கணக்குல உலகத்துல 13.8 கோடி புள்ளைங்க குழந்தைத் தொழிலாளர்னு வருது, அதுல 61 சதவீதம் விவசாயத்துல. அதுல பெரும்பகுதி சொந்தக் குடும்பத்துக்குள்ளயே செய்யற வேலை. நம்ம வீடு அந்தக் கணக்குல வராதுன்னு நாமளா நெனச்சுக்கறோம். ஒரு லீவு மாசத்துல என் பையன் வாரத்துக்கு பதினொரு மணி நேரம் போட்டிருந்தான், எனக்கு ஒரு நாளைக்கு அரைமணி நேரம் ஏதோ உதவி பண்றான்னுதான் தோணிருந்துச்சு.

நோட்டோட குறை என்னன்னா அது சட்டப்படி ஒப்பந்தம் கிடையாது. அத வச்சு காசு கேக்க முடியாது, பங்கு கேக்க முடியாது, டாக்ஸ்ல கழிக்க முடியாது. ஞாபகத்துக்கு ஒரு முதுகெலும்பு, அவ்வளவுதான்.

அடுத்தது தனி ப்ராஜெக்ட், அதாவது ஒரு ஆடோ ஒரு பாத்தியோ அவங்களுக்குன்னு விட்டு வரவு செலவ அவங்களையே எழுத வைக்கிறது. இதுல அமெரிக்காக்காரங்க நூறு வருஷத்துக்கு மேல பழகிட்டாங்க, 4-ஹெச் அமைப்பு 1902ல ஓஹயோல ஆரம்பிச்சது, எஃப்எஃப்ஏ 1928ல கன்சாஸ் சிட்டில ஆரம்பிச்சது, ரெண்டும் புள்ளைங்களுக்கு விவசாயம் பழக்கற அமைப்புங்க, ரெண்டுலயும் புள்ளைங்க வளக்கற கன்னுக்கோ பன்னிக்கோ ரெக்கார்டு புக் வச்சு தீவனச் செலவு, வைத்தியச் செலவு, விக்கற விலை எல்லாம் எழுதணும். நானும் மகளுக்கு ஒரு பெட்டை ஆட்டை எழுதிக் குடுத்தேன். அது ரெண்டு குட்டி போட்டு, வளத்து வித்தா. மொத்தக் காசையும் லாபம்னு எழுதி கீழ ரெண்டு கோடு போட்டு ஒரு ஸ்மைலி வேற.

நான் சும்மா இருந்திருக்கலாம். தீவனம் யாரோடது கண்ணுன்னு கேட்டேன். அவ ஒரு நிமிஷம் யோசிச்சு தீவன மூட்டை கணக்க போட்டா, லாபம் பாதியாச்சு. ஊசி மருந்து செலவ போட்டோம், இன்னும் இறங்குச்சு. கொட்டகை இடத்துக்கு வாடகை போடலாமான்னு நான் சிரிச்சுகிட்டே கேட்டப்போ அவ பேனாவ வச்சுட்டு, சரிப்பா, அப்ப என் வேலைக்கு கூலி போடு, நோட்டுல 140 மணி நேரம் இருக்குன்னா. எனக்கு பதில் இல்ல. அந்த நோட்டு இல்லாட்டி அந்த 140 அவ வாய்ல வந்திருக்காது, வந்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கத்துக்கறதுக்கு இந்த முறைய விட நல்லது எதுவும் இல்லன்னு நெனக்கறேன், ஆனா ரெண்டு எடத்துல ஜாக்கிரதை வேணும். ஆடு யார் பேர்ல இருக்குங்கறத வாய்ல சொல்லாம ஒரு வரி எழுதி கையெழுத்து போடணும், ஏன்னா தோட்டத்து மேல கடன் வாங்கியிருந்தா கால்நடையும் அடமானத்துல சேந்திருக்கலாம், அப்புறம் புள்ளையோட ஆட்டையும் பேங்க்காரன் எண்ணிட்டு போவான். அடுத்தது, ஒரு புள்ளைக்கு ஆடு குடுத்தா இன்னொருத்தனுக்கு என்னங்கறது அன்னிக்கே கேள்வி. என் பையனுக்கு கோழி குடுத்தேன், நரி தூக்கிட்டு போச்சு, நஷ்டத்த யார் கணக்குல எழுதறதுன்னு இன்னும் முடியல.

இனி சம்பளம். இதுலதான் நாட்டுக்கு நாடு தலைகீழா இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

அமெரிக்கால அப்பாவோ அம்மாவோ தனி முதலாளியா, இல்ல அப்பா அம்மா ரெண்டு பேர் மட்டும் பார்ட்னரா தோட்டம் நடத்தினா, 18 வயசுக்குக் கீழ இருக்கற சொந்தப் புள்ளைக்கு குடுக்கற சம்பளத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி, அதாவது ஓய்வூதியத்துக்கும் வயசானவங்க வைத்தியத்துக்கும் பிடிக்கறது, கிடையாது, ரெண்டு பக்கமும் சேத்து 15.3 சதவீதம் மிச்சம். வேலை போனவங்களுக்கு உதவித்தொகை தர்றதுக்காக முதலாளி கட்டற வரியும் 21 வயசு வரைக்கும் இல்ல. அப்பாவுக்கு அது தோட்டச் செலவா கழியும், புள்ளைக்கு 2025ல 15,750 டாலர் வரைக்கும் சம்பாதிச்ச வருமானத்துக்கு ஃபெடரல் வருமான வரி வராது. சம்பாதிச்ச வருமானம் இருக்கறதால ராத் ஐஆர்ஏன்னு ஓய்வுக்கால அக்கவுண்ட்ல அந்த வருஷம் 7,000 டாலர் வரைக்கும், இல்ல சம்பாதிச்ச தொகை வரைக்கும், எது கம்மியோ அத போடலாம். கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா இதே தோட்டம் கம்பெனியா பதிவாகி இருந்தா அந்த 15.3 சலுகை போச்சு, முதலாளி கம்பெனிதான், அப்பா இல்ல. அப்புறம் வேலை நெஜமா நடந்திருக்கணும், வயசுக்கும் வேலைக்கும் ஏத்த கூலியா இருக்கணும், காசு நெஜமா கை மாறணும். ஆறு வயசுப் புள்ளைக்கு மணிக்கு இவ்வளவுன்னு பெரிய தொகை எழுதி வருஷக் கடைசில ஒரே செக்கா போட்டா டாக்ஸ்காரங்க நம்ப மாட்டாங்க. அதனால அங்க சம்பளம் போடறவனுக்கும் முதல்ல வேணும்கறது அதே மணி நேர நோட்டுதான்.

இப்ப இதே பேப்பரை இந்தியால வச்சுப் பாருங்க. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986லேர்ந்து இருக்கு, 2016ல திருத்தினாங்க. 14 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கிறதே தப்பு, அதுல ஒரு பெரிய விலக்கு, சொந்தக் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ ஸ்கூல் முடிஞ்ச அப்புறமும் லீவுலயும் உதவலாம், ஆபத்தான வேலையா இருக்கக்கூடாது. 2017ல வந்த விதில இன்னும் இறுக்கிட்டாங்க: ஸ்கூல் நேரத்துல கூடாது, ராத்திரி 7 மணிலேர்ந்து காலைல 8 மணி வரைக்கும் கூடாது, ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல கூடாது, புள்ளைக்கோ குடும்பத்துக்கோ காசு வர்ற உற்பத்தி, விற்பனை சங்கிலில அது ஒரு கண்ணியா இருக்கக்கூடாது. கடைசி வரியப் பாத்தீங்களா. அமெரிக்கால வரி மிச்சம் பண்ணித் தர்ற சம்பள ரசீது, இங்க 12 வயசுப் புள்ளைக்கு எழுதினா அது உதவி இல்ல, கூலி வேலைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த சாட்சி. பெத்தவங்கன்னா முதல் தடவை தண்டனை இல்ல, மறுபடி மாட்டினா 10,000 ரூபா வரைக்கும் அபராதம். காலைல 8 மணிக்கு முன்னாடி கூடாதுங்கறத வச்சுப் பாத்தா எங்க அண்ணன் பால் கறந்த கதை மொத்தமும் தப்புக் கணக்குதான்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, இன்டர்நெட்ல எவனோ புள்ளைங்களுக்கு சம்பளம் போட்டு வரி மிச்சம் பண்றது எப்படின்னு சொல்றத பாத்துட்டு உடனே வவுச்சர் எழுத உக்காராதீங்க. அது அவன் நாட்டுக் கதை.

ஐஎல்ஓவோட 138ஆம் ஒப்பந்தம், 1973ல வந்தது, அது நடுவுல நிக்குது. பொதுவா 15 வயசு, லேசான வேலைக்கு 13, வசதி கம்மியான நாடுங்க இத 14, 12ன்னு இறக்கிக்கலாம். உள்ளூர் தேவைக்கு விளைவிக்கற, ரெகுலரா கூலி ஆள் வைக்காத சின்னக் குடும்பத் தோட்டத்த நாடுங்க விலக்கி வைக்கலாம்னும் அதுல இருக்கு. அப்ப நீங்க ரெகுலரா கூலி ஆள் வச்சிருந்தீங்கன்னா அந்த நிழல் உங்களுக்கு இல்லாம போகலாம். இத எத்தனை பேரு யோசிக்கறாங்கன்னு தெரியல, நான் யோசிக்கல.

சம்பளம் போட்டா இன்ஷூரன்ஸ் பக்கமும் கேள்வி வரும். அடிபட்ட புள்ள வீட்டுப் புள்ளையா, சம்பளம் வாங்கற தொழிலாளியா, ரெண்டுக்கும் பாலிசில வேற வேற பதில் இருக்கலாம். முதல் சம்பளத்துக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட கேட்டு பதில எழுத்துல வாங்கிடுங்க, போன்ல சொன்னாருங்கறது செல்லாது.

சம்பளத்தோட இன்னொரு பக்கம், வீட்டுக்குள்ள என்ன ஆகுதுன்றது. ஒரு மாசம் நான் பெரியவளுக்கு மணிக்கு இவ்வளவுன்னு குடுத்துப் பாத்தேன். தண்ணித் தொட்டி வழியுது, ஓடிப் போய் குழாய மூடுன்னா, இது டைம்ல சேருமான்னு கேட்டா. கோவம் வந்துச்சு, ஆனா அவ மேல தப்பில்ல, வெல போட்டது நான். அதோட அந்தச் சோதனைய நிறுத்திட்டேன்.

கடைசி ஆப்ஷன்தான் எங்க வீட்டு சண்டைக்கு நேரா சம்பந்தப்பட்டது. இப்ப காசு இல்ல, நாளைக்கு நிலத்துல பங்குங்கற பேச்சு. எழுதாம வாய்லயே ஓடற பேச்சு இதுதான், எழுதவே பயப்படற பேச்சும் இதுதான். இங்கிலாந்துல 2022ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன கெஸ்ட் எதிர் கெஸ்ட் வழக்க படிச்சா நம்ம பக்கத்து வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். மகன் 16 வயசுல ஸ்கூல விட்டுட்டு அப்பாவோட பால் பண்ணைல 30 வருஷத்துக்கு மேல குறைஞ்ச சம்பளத்துல வேலை செஞ்சான், உனக்குத்தான்டா பெரிய பங்குன்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு, அப்புறம் மனஸ்தாபம் வந்து உயில மாத்திட்டாரு. கோர்ட் மகன் பக்கம்தான் தீர்ப்பு சொன்னுச்சு, ஆனா அப்பா அம்மா உயிரோட இருக்கறப்போ எவ்வளவு, எப்ப குடுக்கறதுன்றதுக்கே நீதிபதிங்க மூணுக்கு ரெண்டுன்னு பிரிஞ்சாங்க. 2009ல தார்னர் எதிர் மேஜர்னு இன்னொண்ணு, சொந்தக்காரர் பண்ணைல ஏறக்குறைய 30 வருஷம் சம்பளமே இல்லாம உழைச்சவரு, அவருக்கு பண்ணை கிடைச்சுது, அதுக்கு கோர்ட் எடைபோட்ட விஷயங்கள்ல ஒண்ணு 1990ல அந்த சொந்தக்காரர் ஒரு இன்ஷூரன்ஸ் போனஸ் பேப்பர அவர் கைல குடுத்து இது என் சாவு வரிக்கு, அதாவது நான் செத்தா சொத்து மேல வர்ற வரிக்குன்னு சொன்னது. முப்பது வருஷ உழைப்புக்கு சாட்சியா ஒரு துண்டு பேப்பரையும் அன்னிக்கு பேசின ஒரு வார்த்தையையும் அலசியிருக்காங்க.

பிரான்ஸ்காரங்க இத 1939லயே சட்டமா போட்டுட்டாங்க, தள்ளி வச்ச சம்பளம்னு அதுக்குப் பேரு. விவசாயியோட புள்ள 18 வயசுக்கு மேல சம்பளம் வாங்காம தோட்டத்துல நேரடியா வேலை செஞ்சிருந்தா, அப்பா செத்த அப்புறம் சொத்துலேர்ந்து அந்தக் கூலிய கேக்கலாம். ஒரு வருஷத்துக்கு 2,080 மணி நேர குறைஞ்சபட்சக் கூலில மூணுல ரெண்டு பங்கு, அதிகபட்சம் பத்து வருஷம். எனக்கு பிடிச்சது என்னன்னா, வருஷா வருஷம் நகராட்சில போய் அப்பாவும் புள்ளையும் கையெழுத்துப் போட்டு பதிஞ்சு ரசீது வாங்கிக்கற வழியும் அதுல இருக்கு. எவ்வளவு சிம்பிள் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தாள். ஸ்விட்சர்லாந்துலயும் பெத்தவங்களோட ஒரே வீட்ல இருந்து உழைச்ச புள்ளைங்க நியாயமான ஈடு கேக்கலாம்னு சிவில் சட்டத்துல இருக்கு, ஜெர்மனில சொத்து பிரிக்கறப்போ ரொம்ப நாள் கூட உழைச்ச புள்ளைக்கு சரிக்கட்டித் தரணும்னு இருக்கு, நியூசிலாந்துல உழைப்புக்கு பதிலா உயில்ல தரேன்னு சொல்லி ஏமாத்தினா கேக்கறதுக்கு 1949லயே தனிச் சட்டம்.

ஆனா கவனிச்சீங்களா, பிரான்ஸும் ஸ்விஸ்ஸும் மேஜரான அப்புறம் செஞ்ச வேலையத்தான் எண்ணுது. பன்னெண்டு வயசுல கறந்த பாலுக்கு அந்தச் சட்டத்துல காசு இல்ல. இந்த எடத்துலதான் எனக்கு மொத்தமும் தெளிவாச்சு. 18க்கு முன்னாடி எழுதற நோட்டு பங்கு கேக்கறதுக்கு இல்ல, அது புள்ள பத்திரமா இருக்கானா, ஸ்கூல் கெடாம இருக்கா, எத்தனை மணி நேரம் வாங்கறோம்னு நாம பாத்துக்கறதுக்கு. 18க்கு அப்புறம் எழுதறதுதான் காசு பேசற பேப்பர். ரெண்டையும் ஒரே நோட்டுல கலந்தா ரெண்டும் கெட்டுப் போகும். சின்னப் புள்ளையோட மணி நேரத்துக்குப் பக்கத்துல காசு எழுதினா அது கூலியாகும், பெரிய புள்ளையோட மணி நேரத்துக்குப் பக்கத்துல காசு எழுதாம விட்டா அது தானமாகும்.

ஆபத்து விஷயத்துல நோட்டு எனக்கே ஒரு அறை விட்டுச்சு. ஒரு நாள் பையன் எழுதறான், “ட்ராக்டர் மட்கார்டுல உக்காந்து வந்தேன். அப்பா ஓட்டினார்.” படிச்சுட்டு எனக்கு கை நடுங்குச்சு, அந்த வரிய அடிச்சுடுடான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. நானும் சின்ன வயசுல அப்படி வந்தவன்தான், அண்ணனும்தான். பிரிட்டன்ல 1998 விதிப்படி 13 வயசுக்குக் கீழ இருக்கற புள்ள ட்ராக்டர் மேல உக்காந்து வர்றதே கூடாது, சொந்த அப்பாவா இருந்தாலும். அமெரிக்கால அப்பா தோட்டத்துல புள்ளைக்கு அந்தத் தடை இல்ல, ஆனா வெளியாள் புள்ளைங்களுக்கு 16 வயசுக்குக் கீழ கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு, 20 குதிரைசக்திக்கு மேல ட்ராக்டர், பிறந்த கன்னோட இருக்கற பசு அடைச்ச பட்டி, 20 அடிக்கு மேல ஏணி, விஷ மருந்து, தானியக் குதிர் உள்ள இறங்கறதுன்னு. அந்தப் பட்டியல நான் பேப்பர்ல எழுதி நோட்டு மேலேயே ஒட்டிட்டேன், ஊரான் புள்ளைக்கு ஆபத்துன்னா என் புள்ளைக்கும் ஆபத்துதானே. மட்கார்டு வரிய அடிக்கல. அடுத்த வாரத்துலேர்ந்து அவன் நடந்து வரான், மொறச்சுகிட்டே.

இப்ப நான் எடுத்த முடிவச் சொல்றேன், உங்களுக்கு இது பொருந்தணும்னு இல்ல. சின்னவனுக்கு நோட்டு மட்டும், காசு கிடையாது, பாக்கெட் மணி வேலைக்கு சம்பந்தம் இல்லாம தனியா வரும். பெரியவளுக்கு நோட்டும் ஆடும், ஆட்டுக் கணக்கு அவளோடது, அதுல கூலின்னு எதுவும் எழுதறதில்ல. 18 ஆனதும் அவ தோட்டத்துல நிக்கறேன்னு சொன்னா அன்னிக்கே உக்காந்து சம்பளமா, தள்ளி வச்ச பங்கான்னு பேசி எழுதறது, வருஷத்துக்கு ஒரு தாள், எங்க ரெண்டு பேர் கையெழுத்து, தம்பியும் பாத்தேன்னு கையெழுத்து. படிக்கப் போறேன்னா அந்த நோட்ட அவ கைலயே குடுத்துடறது. தம்பி கையெழுத்து எதுக்குன்னு என் மனைவி கேட்டாங்க. எங்க வீட்ல அப்பா அண்ணன்கிட்ட என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது, என்கிட்ட என்ன சொன்னாருன்னு அண்ணனுக்குத் தெரியாது, அதுக்குத்தான்.

அமெரிக்கால சொந்தமா தோட்டம் வச்சு, கம்பெனியா பதியாம, 14, 15 வயசுப் புள்ளைங்க நெஜமாவே வேலை செய்யற வீடா இருந்தா சம்பளம்தான் முதல்ல பாக்க வேண்டியது, ராத் அக்கவுண்ட் ஒண்ணுக்காகவே. இந்தியால 14க்குக் கீழன்னா சம்பளப் பக்கமே போகாதீங்க. ஒரே புள்ளதான்னா பங்குப் பேப்பருக்கு அவசரம் இல்ல, ரெண்டு மூணு பேரு இருந்து ஒருத்தர்தான் தோட்டத்துல நிக்கறாங்கன்னா அத தள்ளிப் போடாதீங்க.

போன மாசம் அண்ணன் வீட்டுக்குப் போனப்போ இந்த நோட்டு கதையச் சொன்னேன். சிரிச்சாரு. நான் ஒரு புது நோட்ட அவர் முன்னாடி வச்சு, உனக்கு என்ன ஞாபகம் இருக்கோ எழுதுண்ணா, சண்டைக்கு இல்ல, எனக்குத் தெரியணும்னேன். ரெண்டு வாரம் கழிச்சு நாலு பக்கம் எழுதிக் குடுத்தாரு. வருஷம் எங்கயும் இல்ல, எந்த மாடு இருந்தப்போன்னுதான் இருக்கு. கொம்பு உடைஞ்சவ இருந்தப்போ நான் கறக்கல, அம்மாதான் கறந்தாங்க, அவ போன அப்புறம்தான் நான்னு எழுதியிருக்காரு. கொம்பு உடைஞ்சவள எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு, அவ போனப்போ நான் அஞ்சாவது படிச்சேன். அண்ணன் என்னவிட மூணு வயசு பெரியவரு. கணக்குப் போட்டுப் பாத்தா பதிமூணு வருது. அவரு சொன்ன பன்னெண்டும் இல்ல, நான் சொன்ன பதினஞ்சும் இல்ல. அக்காகிட்டயும் ஒரு நோட்டு குடுத்திருக்கேன், கோழிக்கூண்டு பத்தி இன்னும் எழுதிட்டிருக்காங்களாம்.